கூரையில் பூத்த துலிப்: காஷ்மீரத்து இலையுதிர்கால நடவு குறித்து

(நீண்ட பதிவு. பொறுமையுள்ளோர் வாசிக்கலாம்.)

ஒவ்வோர் ஆண்டும் மார்ச் இறுதியில் ஸ்ரீநகரின் துலிப் தோட்டம் திறக்கப்பட்டதும் சமூக ஊடகங்கள் அப்படங்களால் நிறைந்துவிடுகின்றன. அவற்றின் கீழ்த் தவறாமல் இடம்பெறும் தொடர் ஒன்றுண்டு: ‘ஆலந்து காஷ்மீருக்கு வந்துவிட்டது.’ சபர்வான் மலையடிவாரத்தில், முன்பு சிராஜ் பாக் என வழங்கப்பட்ட நிலத்தில், 2007ஆம் ஆண்டு திறக்கப்பட்ட தோட்டம் அது. தால் ஏரியை நோக்கிப் படிப்படியாக இறங்கும் ஏறத்தாழ 30 ஹெக்டேர் நிலம். 2023இல் 68 வகைகளைச் சேர்ந்த 15 லட்சம் செடிகளோடு ஆசியாவின் மிகப் பெரிய துலிப் தோட்டம் எனச் சாதனைப் பதிவும் பெற்றது. அங்கு ஊன்றப்படுவனவற்றுள் பெரும்பகுதி நெதர்லாந்திலிருந்து இறக்குமதியாவது உண்மையே. எனவே மேற்கண்ட தொடரில் பிழையொன்றுமில்லை என்று தோன்றலாம்.

இந்தியப் பொதுமனத்தில் துலிப் என்றதும் நெதர்லாந்து நினைவுக்கு வருவதற்குத் திரைப்படமும் ஒரு காரணம். 1981இல் வெளிவந்த ‘சில்சிலா’ படத்தின் பாடற்காட்சி நெதர்லாந்தின் கூகன்ஹோஃப் தோட்டத்தில் படமாக்கப்பட்டது. கண்ணுக்கெட்டிய தூரம்வரை வரிசைகட்டி நிற்கும் மலர்களை இந்நாட்டவரில் பெரும்பாலோர் முதன்முதலில் கண்டது அத்திரையில்தான். ஆனால் அக்காட்சிக்கு 361 ஆண்டுகளுக்கு முன்னரே ஒரு பேரரசர் ஸ்ரீநகரில் துலிப் மலர்களை அண்ணாந்து பார்த்து, அதனைத் தம் நாட்குறிப்பில் பதிவு செய்துள்ளார். அண்ணாந்து என்பதை வாசிப்போர் கருத்தில் கொள்ள வேண்டும். அவர் கண்ட மலர்கள் வீட்டுக் கூரைகளின்மேல் இருந்தன.

1620ஆம் ஆண்டின் இளவேனிலில் ஜஹாங்கீர் பாராமுல்லா வழியே காஷ்மீர் சென்றார். அவர் எழுதிய ‘துசுக்-இ-ஜஹாங்கீரி’யில் அப்பயணம் விரிவாக இடம்பெறுகிறது. காஷ்மீரத்து வீடுகள் மரத்தாலானவை, இரண்டு மூன்று நான்கு அடுக்குகள் உடையவை என்று கூறும் அவர், மக்கள் தம் கூரைகளை மண்ணால் மூடி, அம்மண்ணில் ஒருவகை ‘லாலா’வின் குமிழங்களை ஊன்றுகின்றனர் என்றும், அவை ஆண்டுதோறும் இளவேனிலில் பூக்கின்றன என்றும் குறிப்பிடுகிறார். இவ்வழக்கம் காஷ்மீர மக்களுக்கே உரியது என்றும் சேர்த்துக்கொள்கிறார். அவ்வாண்டு அரண்மனைச் சிறுதோட்டத்திலும் நகரின் பெரிய மசூதியின் கூரையிலும் அம்மலர்கள் செழித்துப் பூத்திருந்தனவாம். இந்த இறுதிச் செய்தி துயரமான ஒன்றை நினைவூட்டுகிறது. சுல்தான் சிக்கந்தர் காலத்தில் எழுப்பப்பட்ட அந்த ஜாமா மசூதி, அதே ஹிஜ்ரி 1029ஆம் ஆண்டில் தீக்கிரையானது. பேரரசர் கண்டு வியந்த அந்தக் கூரைத் தோட்டம் அடுத்த இளவேனிலைக் காணவில்லை.

‘இவ்வழக்கம் காஷ்மீரத்தவருக்கே உரியது’ என்னும் சிறு குறிப்பு எனக்கு மிக முதன்மையானதாகப் படுகிறது. காஷ்மீரத் தோட்டக்கலை பற்றிய நூல்கள் பெரும்பாலும் முகலாயரிடமிருந்தே தொடங்குகின்றன: ஷாலிமார், நிஷாத், நூர்ஜஹான், ஆசஃப் கான். தோட்டம் என்பது மேலிருந்து, அரசரிடமிருந்து இறங்கிவந்த கொடை என்பது அவ்வரலாற்றின் உட்கிடை. ஆனால் முகலாய மரபின் மிகக் கூர்மையான மலர் இரசிகர் தாமே முன்வந்து, இது எங்கள் வழக்கமன்று, இவ்வூர் மக்களின் வழக்கம் என்று சான்று கூறுகிறார். மலர்களைப் பொறுத்தவரை அவர் குடும்பத்தினர் எளிதில் வியப்பவர் அல்லர். பாட்டனாரின் தந்தையாகிய பாபர், காபூலைச் சூழ்ந்த மலையடிவாரங்களில் எத்தனை வகை லாலா உள்ளன என்று எண்ணச் செய்து, 32 அல்லது 33 எனத் தம் நூலில் குறித்துவைத்தவர். அவற்றுள் ஒன்றின் மணம் ரோஜாவை ஒத்திருந்ததால் அதற்கு அப்பெயரையே சூட்டியவர். அத்தகைய மரபில் வந்தவருக்கும் கூரையில் மலர் வளர்ப்பது புதுமையாக இருந்திருக்கிறது.

இங்கு ஒரு சொற்சிக்கலைச் சொல்லியாக வேண்டும். பாரசீகத்தின் ‘லாலா’ துலிப்பை மட்டும் குறிக்கும் சொல்லன்று. செந்நிறக் காட்டுக் கசகசா மலரையும் குறிக்கும். கவிஞர்கள் இரண்டையும் வேறுபடுத்தக் கவலைப்பட்டதில்லை. ஆனால் ஜஹாங்கீர் குமிழத்தை ஊன்றுவதைப் பேசுகிறார். கசகசாவுக்குக் குமிழம் இல்லை, விதைதான் உண்டு. எனவே கூரையில் பூத்தது துலிப் என்பதில் ஐயம் கொள்ள இடம் மிகக் குறைவு. மற்றொரு சான்று ஓவியமாக உள்ளது. காஷ்மீர மலர்களில் நூற்றுக்கும் மேற்பட்டவற்றை உஸ்தாத் மன்சூர் வரைந்தார் என்று ஜஹாங்கீரே எழுதுகிறார். அவற்றுள் எஞ்சியிருப்பவை விரல்விட்டு எண்ணத்தக்கவை. அவற்றில் மிகப் புகழ்பெற்ற செந்துலிப் ஓவியம் இன்று அலிகர் முஸ்லிம் பல்கலைக்கழகத்தின் மௌலானா ஆசாத் நூலகத்தில் உள்ளது. அது துலிப்பா லனாட்டாவா துலிப்பா மான்ட்டானாவா என்று தாவரவியலார் இன்றும் வாதிடுகின்றனர். நிறம் மங்கிய நீர்வண்ணத்தைக் கொண்டு சிற்றினம் தீர்மானிப்பது அரிது; எனினும் இதழின் மடிப்பும் இலையின் நெளிவும் அவர் மலரை நேரில் கண்டு வரைந்தவர் என்பதைக் காட்டிவிடுகின்றன.

கூரையில் எதற்காக நட வேண்டும்? அழகுக்காக என்பது முழு விடையன்று. இவ்விடத்தில் குமிழத்தின் இயல்பைச் சற்று விளக்குவது தேவை. வெங்காயத்தைக் குறுக்கே நறுக்கிப் பார்த்தவர் எவருக்கும் குமிழம் என்னவென்று தெரியும்: குட்டையான தண்டு, அதைச் சூழ்ந்து உணவைச் சேமித்து வைத்துள்ள சதைப்பற்றான இலைகள், நடுவில் உறங்கும் மொட்டு. துலிப் நடு ஆசியாவின் மலைச்சரிவுகளில் தோன்றிய செடி. அங்கே கோடை கொடியது, வறண்டது, குளிர்காலம் உறைபனியுடையது, இரண்டுக்கும் இடையிலான குறுகிய இளவேனிலே வாழ்வதற்குரிய பருவம். எனவே அது ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கப் பழகிக்கொண்டது. பூத்து முடிந்ததும் இலைகள் சில வாரங்கள் பச்சையாக நின்று அடுத்த ஆண்டுக்கான உணவைக் கீழே அனுப்புகின்றன. தாய்க்குமிழம் தேய்ந்து, சேய்க்குமிழங்கள் அதன் இடத்தைப் பெறுகின்றன. கோடை வெப்பத்தில், வெளியே எவ்வசைவும் தெரியாத நிலையில், உள்ளே அடுத்த ஆண்டின் மலர் உருவாகிவிடுகிறது. இலையுதிர்காலத்தில் மண் குளிரத் தொடங்கியதும் வேர் விடுகிறது. அதன்பின் 12 முதல் 16 வாரம்வரை ஏறத்தாழ 9 பாகை செல்சியசுக்கும் குறைவான குளிர் அதற்குத் தேவை. அக்குளிர் போதாவிட்டால் மலர்த்தண்டு நீளாது. மொட்டு மண்மட்டத்திலேயே கருகும், அல்லது இலைகளுக்கிடையே குறுகிப் பூக்கும். அக்டோபர், நவம்பரில், நிலம் உறையுமுன், நுனி மேல்நோக்க, குமிழத்தின் உயரத்தைப் போல் இரண்டு மூன்று மடங்கு ஆழத்தில் ஊன்ற வேண்டும் என்று தோட்டக்காரர்கள் வற்புறுத்துவது இதனால்தான். இதன் வெப்பநிலைக் கணக்குகளை 1920களில் வாகனிங்கனில் ஆய்ந்து நிறுவியவர் பிளாவ் என்னும் டச்சு அறிஞர். செய்முறை அதற்குப் பல நூற்றாண்டுகள் மூத்தது.

இனி காஷ்மீரத்துப் பழைய கூரையை நோக்குவோம். சரிவான மரச்சட்டத்தின்மேல் பூர்ஜ மரப்பட்டையைப் பல அடுக்காகப் பரப்பி, அதன்மேல் மண்ணை இடுவார்கள். பூர்ஜப் பட்டை நீரை உள்ளே விடாது. காஷ்மீரத்துச் சாரதா எழுத்துச் சுவடிகள் பலவும் இதே பட்டையில் எழுதப்பட்டவை. மழையிலிருந்து வீட்டையும் மறதியிலிருந்து நூல்களையும் காத்தது ஒரே மரம். சரிவினால் நீர் தேங்காது. குமிழத்தின் முதற்பகை தேங்கும் நீரே. பீர் பஞ்சால் மலைத்தொடர் தென்மேற்குப் பருவமழையின் பெரும்பகுதியைத் தடுத்துவிடுவதால் கோடையில் அம்மண் காய்ந்து கிடக்கும். குமிழம் உறங்குவதற்கு அதுவே ஏற்றது. மாரியில் மேற்கிலிருந்து வரும் காற்று பனியைக் கொட்டும். பனிப்போர்வை மண்ணின் வெப்பநிலையைச் சுழியத்தையொட்டி நிறுத்தி, கடுங்குளிர் நேரே தாக்காமல் தடுக்கும். பின்னர் அப்பனி உருகி, வேர்களுக்கு நீராகும். நடு ஆசிய மலைச்சரிவின் சூழலைத் தம்மையறியாமல் ஒவ்வொரு குடும்பமும் தன் தலைக்குமேல் உருவாக்கி வைத்திருந்தது என்றே சொல்லத் தோன்றுகிறது. கீழே நீர் தங்கும் வண்டல்மண் தோட்டத்தைவிட மேலேயிருந்த கூரை துலிப்புக்கு நல்ல பாத்தி. புல்லின் வேரும் குமிழங்களின் வேரும் பின்னி மண் கரையாமல் பிடித்திருக்கும் என்பதையும் கணக்கில் கொண்டால், அவ்வழக்கம் வெறும் அணியாக இருந்திருக்க முடியாது.

இதில் காலக்கணக்கு மேலும் சுவையானது. காஷ்மீரத்தவர் இலையுதிர்காலத்தை ‘ஹருத்’ என்பர். காய்கறிகளை அரிந்து கயிற்றில் கோத்து உலர்த்துவது, சினார்ச் சருகைக் கூட்டிக் காங்கிரிக்குக் கரி சேர்ப்பது, விறகு அடுக்குவது எல்லாம் அப்பருவத்து வேலைகள். குமிழம் ஊன்றுவதும் அதே வாரங்களுக்குரியது. அதன்பின் டிசம்பர் 21இல் ‘சில்லா-இ-கலான்’ தொடங்குகிறது: 40 நாள் கொடுங்குளிர். அடுத்து 20 நாள் ‘சில்லா-இ-குர்த்’, பின் 10 நாள் ‘சில்லா-இ-பச்சா’. மொத்தம் 70 நாள், அதாவது பத்து வாரம். இதனுடன் நவம்பர் இறுதியிலும் டிசம்பரிலும் முன்கூட்டியே வந்துவிடும் குளிரைக் கூட்டினால், குமிழம் கேட்கும் 12 முதல் 16 வாரம் மிகச் சரியாக நிறைகிறது. மனிதர் அஞ்சிப் பெயரிட்டு எண்ணிக்கழித்த நாட்களே குமிழத்துக்கு இன்றியமையாதவை.

ஐரோப்பாவுக்குத் துலிப் சென்ற கதை பலரும் அறிந்தது, சுருக்கமாகக் கூறிவிடுகிறேன். உதுமானியப் பேரரசிலிருந்து 16ஆம் நூற்றாண்டின் நடுவில் அது மேற்கே சென்றது. 1559இல் ஆக்ஸ்பர்கில் பூத்த ஒன்றைக் கண்டு கான்ராட் கெஸ்னர் விவரித்தார். 1593இல் லைடன் பல்கலைக்கழகத் தோட்டத்துக்கு வந்த கரோலஸ் குளூசியஸ் ஊன்றியவை 1594 இளவேனிலில் பூத்தன. இந்தக் குளூசியஸுக்கும் இந்தியாவுக்கும் ஓர் உறவுண்டு. கோவாவில் வாழ்ந்த மருத்துவர் கார்சியா த ஓர்த்தா 1563இல் அச்சிட்ட இந்திய மூலிகை உரையாடல்களைச் சுருக்கி இலத்தீனில் தந்து, 1567இல் ஐரோப்பாவெங்கும் பரப்பியவர் அவரே. இந்தியாவை அவர் கண்டதேயில்லை. ஆனால் ஈரானிலிருந்து மேற்கு இமயம்வரை காடாகப் பூக்கும் சிறு துலிப் இனம் ஒன்று இன்று அவர் பெயரால் துலிப்பா குளூசியானா எனப்படுகிறது. நம் மலைகளில் முளைப்பதை லைடனில் இருந்தவர் பெயரால் அழைக்கிறோம். தாவரவியலில் இது புதிதன்று.

1637 பிப்ரவரியில் சரிந்த டச்சுத் துலிப் வணிகப் பித்தைப் பற்றி எழுதுவோர் பேராசையைப் பற்றியே எழுதுகின்றனர். நடவுப் பருவத்தை மறந்துவிடுகின்றனர். இலையுதிர்காலத்தில் ஊன்றிய குமிழத்தைக் கோடைத் தொடக்கத்தில்தான் தோண்ட இயலும். இடைப்பட்ட மாதங்களில் பொருளைக் கையில் கொடுக்க வழியில்லை. எனவே மதுக்கடைகளில் அமர்ந்து, மண்ணுக்குள் கிடப்பவற்றைத் தாளில் விற்றனர். டச்சுக்காரரே அதனைக் ‘காற்று வணிகம்’ என்றனர். விலை ஏறியதும் வீழ்ந்ததும் குமிழங்கள் உறங்கிக் கொண்டிருந்த மாதங்களில்தான். ஸ்ரீநகரின் கூரைகளில் குமிழங்கள் அதே மாதங்களில், விற்பாரும் கொள்வாருமின்றிக் கிடந்தன.

காஷ்மீர வீட்டுத் தோட்டத்தில் துலிப் மட்டும் இல்லை. பனி விலகியதும் முதலில் முகம் காட்டுவனவற்றுள் ஒன்று நர்கிஸ். காஷ்மீரி மொழியில் ‘யெம்பர்சல்’. தீனநாத் நாதிம் 1953இல் இயற்றிய ‘பொம்புர் த யெம்பர்சல்’ என்னும் இசைநாடகம் வண்டுக்கும் இம்மலருக்கும் இடையிலான காதலைக் கருவாகக் கொண்டது. காஷ்மீரி மொழியின் முதல் இசைநாடகம் அதுவே. நர்கிஸைத் தொடர்ந்து சும்புல் எனப்படும் ஹையசிந்த், பின் துலிப், பின் ஐரிஸ் என்று பூக்கும் வரிசை அமைகிறது. ஐரிஸுக்குக் குமிழம் இல்லை. இஞ்சியைப் போல் படுத்து வளரும் மட்டநிலத்தண்டு. அதன் வெண்மலர்களும் ஊதாமலர்களும் காஷ்மீரத்துக் கல்லறைகளெங்கும் காணப்படுகின்றன. நீர் ஊற்றுவோர் இல்லாத இடத்திலும் ஆண்டுதோறும் தானே எழும் செடி என்பதால், இறந்தவர்க்கு நடுவதற்கு இதைவிடப் பொருத்தமானது வேறில்லை.

பாம்பூரின் குங்குமப்பூ மேற்கண்டவற்றுக்கு நேர் எதிரான கடிகாரத்தில் இயங்குகிறது. அதன் கந்தத்தைக் கோடையின் பிற்பகுதியில் ஊன்றுவர். அக்டோபர் இறுதியில், மற்றவை மண்ணுக்குள் இறங்கும் அதே நாட்களில், அது மலர்ந்து நிற்கும். 12ஆம் நூற்றாண்டில் கல்ஹணர் தம் ராஜதரங்கிணியில் காஷ்மீரத்தின் சிறப்புகளுள் ஒன்றாகக் குங்குமப்பூவைக் கூறுகிறார். மண்ணுக்குள் உணவைச் சேர்த்து உறங்கிக் காலம் பார்த்து எழுவது என்னும் உத்தி தமிழ்நிலத்துக்கும் அயலானதன்று. நம் காந்தளும் கிழங்காக உறங்கி எழுவதே. வேறுபாடு ஒன்றுதான்: காந்தளை எழுப்புவது மழை, துலிப்பை எழுப்புவது குளிர் கழிந்த வெயில். சென்னையில் துலிப் வளர்க்க முயன்று ஏமாந்தோர் மண்ணையோ உரத்தையோ குறைகூற வேண்டாம். அங்கு இல்லாதது சில்லா-இ-கலான். தில்லியில் அண்மைக் குளிர்காலங்களில் சாலைச் சதுக்கங்களில் பூக்கும் துலிப்புகளும் குளிர்பதன அறையில் முன்னரே குளிரூட்டப்பட்டு வந்தவை. பிப்ரவரியில் பூத்து, வெயில் ஏறியதும் முடிந்துவிடும். மறுஆண்டு அக்குமிழங்களிலிருந்து மலரை எதிர்பார்ப்பதற்கில்லை.

கூரைத் தோட்டங்கள் என்னவாயின? 1895இல் ‘காஷ்மீரப் பள்ளத்தாக்கு’ நூலை வெளியிட்ட நிலவரித் தீர்வை அலுவலர் வால்டர் லாரன்ஸ், பூர்ஜப் பட்டையும் மண்ணும் இட்ட கூரைகளில் இளவேனிலில் மலர்கள் பூத்திருந்ததைக் குறிப்பிடுகிறார். ஜஹாங்கீருக்குப் பின் 275 ஆண்டுகள் கழித்தும் வழக்கம் உயிரோடு இருந்தது. அவ்விடைக்காலத்தில் முகலாயரும் ஆப்கானியரும் சீக்கியரும் ஆண்டு சென்றனர். டோக்ரா மன்னர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. ஆட்சி மாற்றம் எதுவும் கூரைத் துலிப்பை அழிக்கவில்லை. அழித்தது நெளிவுத் தகடு. தகட்டுக் கூரை தீயை எளிதில் பற்றாது, பனியைச் சறுக்கிவிடும், ஆண்டுதோறும் மண் இட்டுச் செப்பனிடும் வேலையும் இல்லை. பலமுறை எரிந்த நகரத்தின் மக்கள் தகட்டைத் தேர்ந்ததை அழகுணர்ச்சிக் குறைவென்று பேசுவோருடன் எனக்கு உடன்பாடில்லை. மரவீட்டில் விறகடுப்பும் காங்கிரியும் வைத்து வாழ்ந்தவர்களுக்கு அது அறிவார்ந்த முடிவு.

நான் வருந்துவது வேறொன்றுக்கு. தகடு வந்தபின் துலிப் கூரையிலிருந்து இறங்கி வீட்டு முற்றத்துக்கு வந்திருக்கலாம். சில இடங்களில் வந்தும் உள்ளது. ஆனால் மரபு என்ற பெயரில் அதனை எவரும் எண்ணிப் பேணவில்லை. குங்குமப்பூவுக்கு 2010இல் தேசிய இயக்கம், 2011இல் உலக வேளாண் மரபுத் தகுதி, 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தன. கூரைத் துலிப்புக்குச் சந்தை இல்லை. எனவே கோப்பும் இல்லை. அதன் விளைவாக இன்று காஷ்மீரத் துலிப்பின் வரலாறு 2007இல் தொடங்குவதாகவும், அதனைத் தொடங்கிவைத்தது இறக்குமதி என்பதாகவும் எழுதப்படுகிறது. ஆண்டுதோறும் அந்நியச் செலாவணி கொடுத்துக் குமிழம் வாங்குவோர், இங்கேயே பல தலைமுறை நிலைத்து, ஊன்றியவரை எதிர்பாராமல் ஆண்டுதோறும் பூத்த இனங்கள் இருந்தன என்பதைக் கருத வேண்டும். இன்றைய பெருமலர்க் கலப்பினங்கள் பல சில ஆண்டுகளில் வலுவிழப்பவை. கூரையில் பூத்தது சிறுமலர்; ஆயினும் நிலைத்தது. உள்நாட்டுக் குமிழ உற்பத்தி பற்றிப் பேசும் பாலம்பூர், ஸ்ரீநகர் ஆய்வாளர்களுக்கு வரலாற்றாசிரியர்கள் தரக்கூடிய செய்தி இது.

இதற்கான சான்றுகள் அரண்மனைச் சுவடிகளில் அதிகம் கிடைக்கப்போவதில்லை. பழைய ஒளிப்படங்களில்தான் தேட வேண்டும். 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஜீலம் ஆற்றங்கரை வீடுகளையும் மசூதிகளையும் எடுத்த படங்கள் பல உள்ளன. அவற்றைக் கட்டடக்கலை நோக்கில் மட்டுமே பார்த்து வந்துள்ளோம். கூரையைப் பெரிதாக்கிப் பார்த்தால் சிலவற்றில் தழை தெரிகிறது. படம் கோடையில் எடுக்கப்பட்டதாயின் காய்ந்த புல் மட்டுமே இருக்கும். ஏப்ரலில் எடுத்த படமாயின் நின்று பார்க்க வேண்டும். இப்பதிவை வாசிக்கும் காஷ்மீரக் குடும்பத்தினர், பண்டிதராயினும் முஸ்லிமாயினும், மண்கூரை வீட்டின் பழைய படம் வைத்திருந்தால் எடுத்த மாதத்தோடு தெரிவிக்க வேண்டுகிறேன். கூரையில் ஏறிப் பூப்பறித்த நினைவு உங்கள் வீட்டு மூத்தோர் எவருக்கேனும் இருப்பின் அதையும் கேட்டு எழுதுங்கள்: பூ என்ன நிறம், இதழின் புறம் எவ்வாறு இருந்தது, அதை அவர்கள் வீட்டில் என்ன பெயரிட்டு அழைத்தார்கள்.